உள்ளே ஈயம், வெளியே புளி

"பழைய ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம்!"

தெருவில் இந்தக் கூவலை நேரடியாகக் கேட்டவர்கள் இப்போது குறைவு. கேட்காதவர்களுக்கும் சினிமா காமெடி வழியாகத் தெரிந்திருக்கும். எதற்கும் உதவாத வண்டியைப் பார்த்தால், "இதைப் பேரீச்சம்பழத்துக்குப் போடு" என்று இன்றும் கேலி பண்ணுகிறோம்.

ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்க. பித்தளையும் செம்பும் மலிவான சாமான் கிடையாது. சீர்வரிசையில் வந்தவை. பெயர் வெட்டி வைத்தவை. கையில் காசில்லாத மாதத்தில் அடகுக் கடைக்குப் போய்த் திரும்பியவை. ரெண்டு மூன்று தலைமுறை புழங்கிய அந்தத் தவலையும் அண்டாவும் ஒரு பொட்டலம் பேரீச்சம்பழத்துக்குப் போகிற அளவுக்கு எப்படி வந்தது?

எவர்சில்வர் வந்தது, பித்தளை போனது என்பதுதான் வழக்கமாகச் சொல்லும் பதில். அது சரிதான், ஆனால் பாதி பதில். ஒரு பாத்திரத்தை அடுப்பில் ஏற்றும் தகுதியோடு வைத்திருக்க ஒரு ஏற்பாடு இருந்தது. அந்த ஏற்பாடு நின்றதும் பாத்திரம் வெறும் எடை ஆகிவிட்டது. எடைக்கு எடை பழம். அவ்வளவுதான்.

இப்போது பித்தளை திரும்பி வருகிறது. பரணிலிருந்து இறக்குகிறோம், புதிதாகவும் வாங்குகிறோம். பாத்திரம் திரும்பி வந்த அளவுக்கு அந்த ஏற்பாடு திரும்பி வரவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

ரெண்டு வேலை, ரெண்டு பெயர்

பழைய பாத்திரத்தைப் பராமரிப்பது என்றால் நமக்கு உடனே நினைவுக்கு வருவது புளி. புளியும் உப்பும் சேர்த்து, தேங்காய் நாரால் தேய்த்து, சாம்பல் அல்லது செங்கல் தூள் போட்டு இன்னொரு முறை தேய்த்தால் கறுத்துக் கிடந்த பித்தளை தங்கம் மாதிரி வந்துவிடும். இதற்குத் தமிழில் 'விளக்குவது' என்று பெயர். பாத்திரம் விளக்கு, பல் விளக்கு. வெளிச்சம் தரும் விளக்கும், புரிய வைக்கும் விளக்கமும் இதே வேரில் பிறந்தவை. மங்கியதைத் துலங்கச் செய்வது என்பதுதான் அடிப்படைப் பொருள்.

இது வெளிப்பக்க வேலை. பித்தளையும் செம்பும் காற்றுப் பட்டால் மங்கும். மேலே ஆக்சைடு படலம் உட்காரும். புளியில் உள்ள டார்டாரிக் அமிலம் அந்தப் படலத்தைக் கரைக்கிறது, உப்பு அதற்குத் துணை போகிறது. கழுவித் துடைக்காமல் ஈரத்தோடு விட்டால் மறுநாளே திட்டுத் திட்டாகக் கறை வரும். புளியைப் பூசி ரொம்ப நேரம் ஊறப்போட்டால் பித்தளையில் இருக்கும் துத்தநாகம் மேலிருந்து கரைந்து, செம்பு நிறம் தலைகாட்டும். பித்தளை திடீரென்று சிவந்துவிட்டது என்று சிலர் பயப்படுவது இதைப் பார்த்துத்தான்.

இரண்டாவது வேலை உள்பக்கம். அதற்குப் பெயர் ஈயம் பூசுவது. சில ஊர்களில் கலாய் பூசுவது என்பார்கள். இதை வீட்டில் செய்ய முடியாது. அதற்கென்று ஆள் வரணும், உலை மூட்டணும், காசு கொடுக்கணும்.

வெளியே பளபளப்பு வீட்டு மானத்துக்கு. உள்ளே பூச்சு உயிருக்கு. முதலாவதை விட்டால் பார்க்கிறவர்கள் முகம் சுளிப்பார்கள். இரண்டாவதை விட்டால் என்ன ஆகும் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

களிம்பு

செம்பு, பித்தளைப் பாத்திரத்தில் புளிப்பான எதையாவது வைத்தால் பச்சையாக ஒன்று ஊறும். அதுதான் களிம்பு. சைவ சித்தாந்தம் படித்தவர்களுக்கு இந்தச் சொல் வேறொரு இடத்திலிருந்து பழக்கம். உயிரோடு ஒட்டிப் பிறந்த ஆணவ மலத்துக்குச் சித்தாந்திகள் சொல்லும் உவமை செம்பில் இருக்கும் களிம்பு. வெளியிலிருந்து வந்து ஒட்டிய அழுக்கு இல்லை, செம்பு என்றைக்கு உண்டோ அன்றைக்கே அதுவும் உண்டு என்பது வாதம். வேதியியல் கோணத்தில் பார்த்தாலும் உவமை பழுதில்லை. களிம்பு வெளியிலிருந்து வந்து படியும் தூசி கிடையாது; செம்பே அமிலத்தோடும் காற்றோடும் சேர்ந்து உருமாறியது. எத்தனை தடவை துலக்கினாலும், மறுபடி புளிப்புப் பட்டால் மறுபடி வரும்.

நம் சமையலோ புளியில் மிதக்கும் சமையல். சாம்பார், ரசம், புளிக்குழம்பு, மோர்க்குழம்பு என்று எதை எடுத்தாலும் அமிலம். பூச்சு இல்லாத பித்தளையில் புளிக்குழம்பு வைத்து ஒரு ராத்திரி விட்டால் செம்பு குழம்பில் இறங்கும். வாயில் வைத்தால் உலோகக் கசப்பு, பிறகு குமட்டல், வாந்தி. களிம்பேறிய சாப்பாடு என்றால் அந்தக் காலத்து ஆட்கள் பயந்ததற்கு நியாயம் உண்டு.

இதற்கு மாற்றாக நம் ஊரில் வேறு சில ஏற்பாடுகளும் இருந்தன. புளிப்புக்கு மண்சட்டியும் கல்சட்டியும். வறுக்கப் பொரிக்க இரும்பு வாணலி. பொங்கலுக்கும் சோற்றுக்கும் வெண்கலப் பானை. வெண்கலம் என்பது செம்போடு வெள்ளீயம் கலந்தது. பித்தளை செம்போடு துத்தநாகம் கலந்தது. ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ தோண்டி எடுத்த பாத்திரங்களில் வெள்ளீயம் தூக்கலாகச் சேர்த்த வெண்கலமும் உண்டு. அதாவது ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வெள்ளீயம். அப்படிச் செய்தால் உலோகம் கெட்டியாகவும் வெளுப்பாகவும், சீக்கிரம் களிம்பு ஏறாமலும் இருக்கும். வெண்கலத்தில் ஈயம் உடம்புக்குள்ளேயே இருக்கிறது. பித்தளைக்கு அதை மேலே சட்டையாகப் போட்டுவிட வேண்டியிருக்கிறது. சட்டை என்றால் கிழியும், மாற்ற வேண்டும்.

கடாரத்து உலோகம்

இந்த வெள்ளீயம் எங்கிருந்து வந்தது? தமிழ்நாட்டு மண்ணில் அது கிடைப்பதில்லை. நெடுங்காலமாக அதன் பெரிய ஊற்று கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் மலாய் தீபகற்பமும் அதை ஒட்டிய தீவுகளும்தான்.

'கலாய்' என்ற சொல்லே இந்தக் கதையைச் சொல்கிறது. அரபியில் வெள்ளீயத்துக்கு 'கலஈ' என்று பெயர். அங்கிருந்து உருதுவுக்கும் இந்திக்கும் வந்து, நம் தெருவுக்கும் வந்து சேர்ந்தது. 1886-இல் வெளியான ஹாப்சன்-ஜாப்சன் அகராதி இந்தச் சொல்லுக்குத் தனிப் பதிவே வைத்திருக்கிறது. அரபுப் புவியியலாளர்கள் 'கலா' என்ற துறைமுகத்தைக் குறிப்பிட்டு அதன் பக்கத்தில் ஈயச் சுரங்கங்கள் இருப்பதாக எழுதியதையும், அந்தக் கலா இன்றைய கெடாவாக இருக்கலாம் என்ற கருத்தையும் அந்தப் பதிவில் பார்க்கலாம். அகராதியைத் தொகுத்த இருவரில் ஒருவர் ஆர்தர் பர்னல். அவர் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர், அரண்மனை நூலகத்தின் சமஸ்கிருதச் சுவடிகளுக்கு அட்டவணை போட்டவர்.

கெடா என்றால் யாருக்குத் தெரியாவிட்டாலும் நமக்குத் தெரியும். அதுதான் கடாரம். 1025 வாக்கில் ராஜேந்திர சோழனின் கடற்படை போன அதே கடாரம். சோழன் ஈயத்துக்காகத்தான் போனான் என்று நான் சொல்ல வரவில்லை, தயவுசெய்து அப்படிப் பகிர்ந்துவிடாதீங்க. கடாரம் இருந்த கடற்கரை உலகத்தின் பெரிய ஈயப் பட்டையின் மேல் இருந்தது, அந்த உலோகம் வணிகர்களின் கப்பலில் மேற்கே போய்க்கொண்டிருந்தது என்பது மட்டும்தான் இங்கே விஷயம்.

இதிலிருந்து நமக்கு வேண்டிய முடிவு ஒன்று இருக்கிறது. வெள்ளீயம் எப்போதுமே இறக்குமதிச் சரக்கு, அதனால் எப்போதுமே விலை கூடிய சரக்கு. பக்கத்திலேயே மலிவாகக் கிடைக்கும் இன்னொரு உலோகம் அதே மாதிரி இருந்தால் கலப்படம் பண்ணத் தோன்றுமா தோன்றாதா? அந்த இன்னொரு உலோகத்துக்குத் தமிழில் காரீயம் என்று பெயர். இதைக் கொஞ்சம் கழித்து எடுத்துக்கொள்வோம்.

மரத்தடி உலை

ஈயம் பூசுகிறவர் தெருவுக்கு வந்தால் ஒரு மரத்தடியில் சின்னக் குழி தோண்டி, துருத்தியைப் பொருத்தி, கரி போட்டு உலை மூட்டுவார். தெருவே பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வரும்.

முதல் வேலை உள்பக்கத்தைச் சுத்தமாகத் தேய்ப்பது. எண்ணெய்ப் பிசுக்கு ஒரு துளி இருந்தாலும் ஈயம் அங்கே ஒட்டாது. புளி, மணல், சாம்பல் எல்லாம் இதற்குத்தான். பெரிய அண்டாவாக இருந்தால் ஆளே உள்ளே இறங்கி, காலடியில் மணலும் துணியும் வைத்து, இடுப்பைத் திருகித் திருகித் தேய்ப்பார்.

பிறகு கொறடால் பிடித்து உலை மேல் காட்டிச் சூடு ஏற்றுவார். சூடு பதம் வந்ததும் நவச்சாரத் தூளைத் தூவுவார். குப்பென்று வெள்ளைப் புகை எழும், மூக்கைத் துளைக்கும் நெடி அடிக்கும். நவச்சாரம் என்பது அம்மோனியம் குளோரைடு. சூட்டில் அது அம்மோனியாவாகவும் ஹைட்ரோகுளோரிக் அமிலமாகவும் பிரிகிறது. அந்த அமிலம் உலோகத்தின் மேல் மிச்சமிருக்கும் ஆக்சைடைத் தின்றுவிடும். அந்த நொடியில் ஈயக் குச்சியைத் தொட்டால் போதும். வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும். பித்தளை உருக 900 டிகிரிக்கு மேல் வேண்டும். உருகிய ஈயத்தைப் பஞ்சாலோ துணியாலோ ஒரே வீச்சில் சுற்றித் தேய்த்தால், மஞ்சளாக இருந்த உள்பக்கம் கண் முன்னாலேயே வெள்ளியாகும். அப்படியே தண்ணீரில் முக்கினால் 'சுர்ர்' என்று ஒரு சத்தம். வேலை முடிந்தது.

பார்க்க வித்தை மாதிரி இருக்கும். ஆனால் அந்தப் பூச்சு காகிதத்தை விட மெல்லியது. வெள்ளீயம் மென்மையான உலோகம், கரண்டி உரச உரசத் தேயும். தினம் புழங்கும் பாத்திரத்துக்குச் சில மாதங்களில் மறுபடி பூச வேண்டும். அதனால்தான் ஈயம் பூசுகிறவர் தெருவுக்குத் திரும்பத் திரும்ப வந்தார். வாங்கியதோடு முடிந்துபோகும் பாத்திரமாக அது இருந்ததே இல்லை.

யார் வீட்டில் எத்தனை நாளுக்கு ஒருமுறை பூசினார்கள்? இங்கேதான் விஷயம் கனக்கிறது. காசு இருந்த வீட்டில் தவறாமல் பூசியிருப்பார்கள். காசு இல்லாத வீட்டில் அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டிருப்பார்கள். புளியால் வெளியே விளக்குவதற்குச் செலவில்லை, அது தினமும் நடந்திருக்கும். வெளியே தங்கமாக மின்னும் பாத்திரம், உள்ளே பூச்சு தேய்ந்து மஞ்சள் தெரிய, அடுப்பில் இருந்திருக்கும். அதில் என்ன காய்ந்துகொண்டிருந்தது என்பதுதான் அடுத்த கேள்வி.

பால்

1887-இல் கல்கத்தாவில் ஒரு குழந்தை நோய் முதன்முறையாக மருத்துவ உலகில் பதிவானது. ஒன்றிலிருந்து மூன்று வயதுக் குழந்தைகளுக்கு வயிறு உப்பும், கல்லீரல் கல்லாக இறுகும், மஞ்சள் காமாலை வரும். அநேகமாகக் குழந்தை பிழைக்காது. ஒரே வீட்டில் அடுத்தடுத்த பிள்ளைகளுக்கு வருவதும் உண்டு. மருத்துவ நூல்கள் இதற்கு 'இந்தியக் குழந்தைப் பருவக் கல்லீரல் இறுக்கம்' என்றே பெயர் வைத்துவிட்டன. பழைய தமிழ்ப் பத்திரிகைகளைப் புரட்டுகிறவர்கள், குழந்தைகளின் ஈரல் கட்டிக்கு மருந்து என்று ஜம்மி லிவர் க்யூர் விளம்பரத்தைப் பார்த்திருப்பார்கள். அந்த மருந்துக்கு அவ்வளவு தேவை இருந்ததற்குப் பின்னால் எத்தனை வீடுகளின் துக்கம் இருந்திருக்கும்!

காரணம் பல பத்தாண்டுகள் பிடிபடவில்லை. இறந்த குழந்தைகளின் கல்லீரலில் செம்பு மிக அதிகமாக இருந்தது மட்டும் தெரிந்தது. 1983-இல் புனே மருத்துவர்களும் பிரிட்டிஷ் ஆய்வாளர்களும் சேர்ந்து லான்செட் இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். நோய் வந்த குழந்தைகளுக்குத் தாய்ப்பாலை விட்டுச் சீக்கிரமே மாட்டுப் பால் கொடுத்திருந்தார்கள். அந்தப் பாலைப் பித்தளை, செம்புப் பாத்திரத்தில் காய்ச்சி, அதிலேயே வைத்திருந்தார்கள்.

பால் புளிக்காதே, அதில் எப்படிச் செம்பு இறங்கும் என்று கேட்கலாம். பாலில் கேசின் என்ற புரதம் இருக்கிறது. அது செம்பை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அதே பாத்திரத்தில் தண்ணீரை வைத்தால் இறங்கும் செம்பு கொஞ்சம், பாலை வைத்தால் பல மடங்கு. நிறம் மாறாது, கசக்காது, களிம்பு தெரியாது. பெரியவர்கள் உடம்பு அதிகப்படிச் செம்பைப் பித்த நீர் வழியாக வெளியேற்றிவிடும். கைக்குழந்தையின் கல்லீரலுக்கு அந்தத் திறன் இன்னும் வளர்ந்திருக்காது.

இது இந்தியாவின் கதை மட்டும் என்று நினைத்தால் தப்பு. ஆஸ்திரியாவின் மேற்கே, ஆல்ப்ஸ் மலைக் கிராமங்களில், 1900-க்கும் 1974-க்கும் நடுவே 138 குழந்தைகள் இதே மாதிரி நோயால் இறந்ததை 1996-இல் இன்னொரு லான்செட் கட்டுரை வெளிக்கொண்டு வந்தது. அங்கேயும் மாட்டுப் பால், அங்கேயும் ஈயம் பூசாத செம்புப் பாத்திரம். அந்தப் பாத்திரங்கள் மாறியதும் நோயும் மறைந்தது. இப்படிப் பால் குடித்த எல்லாக் குழந்தைக்கும் நோய் வரவில்லை. பரம்பரையாக வரும் ஒரு பலவீனமும் சேர்ந்திருக்க வேண்டும் என்று அந்த ஆய்வு காட்டியது. ஆனால் பாத்திரம் மாறியபோது அந்தப் பலவீனம் உள்ள குழந்தைகளும் பிழைத்தார்கள்.

இந்தியாவிலும் அப்படித்தான். பால் காய்ச்சும் பாத்திரம் அலுமினியத்துக்கும் எவர்சில்வருக்கும் மாற மாற, நோய் அரிதாகிக்கொண்டே போனது. பேரீச்சம்பழக்காரர் தூக்கிக்கொண்டு போன பித்தளையோடு ஒரு கொள்ளை நோயும் தெருவை விட்டுப் போனது என்று சொன்னால் மிகையில்லை. பழைய பாத்திரங்களை நினைத்து ஏங்கும்போது இதையும் சேர்த்து நினைக்கணும் என்பது என் கட்சி.

பூச்சு வேண்டாத பாத்திரம்

மாற்றம் நம் ஊரிலேயே தொடங்கியது என்பது பலருக்குத் தெரியாது. 1898-இல் சென்னைக் கலைப் பள்ளியில், அதாவது இன்றைய கவின் கலைக் கல்லூரியில், ஆல்பிரட் சாட்டர்டன் அலுமினியத் தகட்டில் பாத்திரம் செய்யும் வேலையைத் தொடங்கினார். பித்தளையும் செம்பும் அடித்துப் பழகிய கைத்திறனைப் புது உலோகத்துக்குத் திருப்பும் முயற்சி அது. சில ஆண்டுகளிலேயே அது தனியார் தொழிலாக வளர்ந்தது. அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான், 1886-இல், அலுமினியத்தை மின்சாரத்தால் மலிவாகப் பிரிக்கும் முறையே கண்டுபிடிக்கப்பட்டிருந்தது.

அலுமினியத்தின் எடை பித்தளையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. விலை குறைவு. எல்லாவற்றுக்கும் மேலாக, ஈயம் பூச வேண்டாம். தேய்ந்த பூச்சைப் புதுப்பிக்கக் காசில்லாத வீட்டுக்கு இது சின்ன விஷயமா?

1942 தொடக்கத்தில் மலாயா ஜப்பான் கைக்குப் போனது. உலகத்தின் பெரிய ஈயச் சுரங்கங்கள் ஒரே அடியாகப் போரின் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டன. அதற்கப்புறம் எவர்சில்வர் வந்தது. 1913-இல் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி செய்த துருப்பிடிக்காத இரும்புக்கு, என்றும் வெள்ளி என்ற பொருளில் நம் ஊர் வைத்த பெயரைப் பாருங்க! அதிலும் ஒரு பூச்சு உண்டு. இரும்போடு கலந்த குரோமியம் காற்றோடு சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத ஒரு படலத்தைத் தானே போட்டுக்கொள்ளும். கீறினாலும் தானே மூடிக்கொள்ளும். ஈயம் பூசுகிறவர் பாத்திரத்துக்குள்ளேயே குடியிருக்கிற மாதிரி.

அவர் தெருவுக்கு வருவது குறைந்தது. வராததால் பித்தளையில் சமைக்க முடியவில்லை. சமைக்க முடியாததால் அது பரணுக்குப் போனது, பரணிலிருந்து பேரீச்சம்பழத்துக்குப் போனது.

ஒரே பெயரில் இரண்டு உலோகம்

இப்போது காரீயத்துக்கு வருவோம்.

தமிழில் ஈயம் என்றால் வெள்ளீயமும்தான், காரீயமும்தான். பேச்சில் முன்னொட்டை விட்டுவிடுகிறோம். வெள்ளீயம் சமையலுக்கு ஆபத்தில்லாத உலோகம். ரசத்துக்குப் பெயர் பெற்ற ஈயச்சொம்பு அதில் செய்ததுதான். காரீயம் நஞ்சு. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இந்த அளவு வரை பரவாயில்லை என்று சொல்லத்தக்க பாதுகாப்பான அளவு எதுவும் கிடையாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு.

கெட்ட நேரம் பாருங்க, இந்த இரண்டும் நன்றாகக் கலக்கும். கலந்தால் வெள்ளீயத்தை விடக் குறைந்த சூட்டில், 183 டிகிரியிலேயே உருகத் தொடங்கும். நன்றாக ஓடும், ஒட்டும். ரேடியோ ரிப்பேர்காரர்கள் பற்றவைத்த கம்பி அதுதான். மலிவும்கூட. பூசுகிறவருக்கு வேலை சுலபம், விற்கிறவருக்கு லாபம். பூசிய அன்று பார்த்தால் இரண்டும் ஒரே வெள்ளி.

களிம்பாவது பச்சையாகத் தலைகாட்டும், நாக்கில் கசந்து எச்சரிக்கும். காரீயம் புளிப்பில் கரைந்தால் கசக்காது, சொல்லப்போனால் லேசாக இனிக்கும். கண்ணாலும் நாக்காலும் பாத்திரத்தைப் படித்த நம் பாட்டிகளின் அனுபவம் இந்த இடத்தில் உதவாது. 'அந்தக் காலத்தில் எல்லாரும் இதில்தானே சாப்பிட்டார்கள்' என்ற வாதமும் உதவாது. அந்தக் காலத்துக் குழந்தைகள் பற்றி மேலே பார்த்தோம்.

பயமுறுத்தச் சொல்லவில்லை. 2025-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இறக்குமதியான சில பித்தளை, அலுமினிய, இண்டாலியப் பாத்திரங்களிலிருந்து காரீயம் உணவில் இறங்குகிறது என்று எச்சரித்தது. பழைய உலோகக் கழிவை உருக்கி வார்க்கும்போது காரீயம் உள்ளே வந்துவிடும் வாய்ப்பு எப்போதும் உண்டு. அதனால் ஈயச்சொம்பு வாங்கும்போதும், பித்தளைக்குப் பூசக் கொடுக்கும்போதும் "இது வெள்ளீயமா?" என்று முழுப் பெயரைச் சொல்லிக் கேட்கணும். சந்தேகம் இருந்தால் உலோகப் பரிசோதனைக் கூடத்தில், பாத்திரத்துக்குச் சேதமில்லாமல், எக்ஸ்-கதிர் கருவியால் காரீயம் இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். காரீயம் இருப்பது தெரிந்தால் அந்தப் பாத்திரம் சமையலுக்கு இல்லை. புளி போட்டுத் தேய்த்தாலும் அது போகாது.

நிறத்தைப் படிப்பது

பரணிலிருந்து இறக்கிய பித்தளையைப் புழக்கத்துக்குக் கொண்டுவர நினைப்பவர்களுக்கு, இத்தனை வரலாறும் கடைசியில் சில எளிய விஷயங்களாகத்தான் வந்து நிற்கிறது.

வெளிப்பக்கம் கறுத்திருந்தால் கவலை வேண்டாம். அது வெறும் மங்கல். விளக்கினால் போகும், விளக்காவிட்டாலும் சாப்பாட்டுக்குக் கெடுதல் இல்லை.

உள்பக்கப் பூச்சு சாம்பல் நிறமாக மங்கியிருந்தாலும் கவலை வேண்டாம். வெள்ளீயம் புழங்கப் புழங்க அப்படித்தான் ஆகும். பளபளப்பு வரணும் என்று கம்பி நாரைப் போட்டுத் தேய்த்தால் பூச்சையே உரித்துவிடுவோம். பித்தளையின் வெளியே செய்வதை உள்ளே செய்யக் கூடாது. வெந்நீர், மென்மையான நார் அல்லது துணி, கொஞ்சம் சோப்பு, மரக் கரண்டி. இவ்வளவு போதும்.

உள்ளே மஞ்சளோ சிவப்போ தெரிந்தால் பூச்சு தேய்ந்துவிட்டது. மறுபடி ஈயம் பூசும் வரை அதில் புளிப்பும் வேண்டாம், பாலும் வேண்டாம். பச்சை தெரிந்தால் சமையலே வேண்டாம். சுத்தம் செய்து, பூசிய பிறகுதான்.

பூசிய பாத்திரத்தைக் காலியாக அடுப்பில் வைக்கக் கூடாது. 232 டிகிரி என்பது கேஸ் அடுப்பில் ஒரு காலிப் பாத்திரம் சீக்கிரமே தொட்டுவிடும் சூடு. உள்ளே தண்ணீர் இருக்கும் வரை 100-ஐ ஒட்டியே நிற்கும், பூச்சு பிழைக்கும். ஈயச்சொம்புக்கும் இதே விதிதான். முதலில் ரசம், பிறகு தீ. மறந்தால் பூச்சு மட்டுமில்லை, சொம்பே உருகி ஓடிவிடும். தாளிப்பதையும் பொரிப்பதையும் இரும்பு வாணலியில் வைத்துக்கொள்வது நல்லது. பழைய சமையலறையில் அது தனியாக இருந்ததற்குக் காரணம் இருந்தது.

குழந்தைக்குப் பால் காய்ச்ச மட்டும் எவர்சில்வரே இருக்கட்டும். அதில் பெருமை, பாரம்பரியம் எதுவும் பார்க்க வேண்டாம்.

இன்னொன்று. ஈயம் பூசுகிறவர்கள் இன்றும் சில ஊர்களில் இருக்கிறார்கள். பாத்திரக் கடைத் தெருக்களில் விசாரித்தால் வழி சொல்வார்கள். புதுப் பித்தளைப் பாத்திரத்துக்குக் கொடுக்கும் விலையில் சிறு பகுதிதான் அவர்கள் கேட்பது. நல்ல வெள்ளீயம் போடச் சொல்லி, அதற்கான கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்க. கூலியைக் குறைத்தால் அந்தக் குறைவு எந்த உலோகமாக நம் ரசத்துக்குள் வரும் என்பது இப்போது நமக்குத் தெரியுமே.